ரிக் தொழிலுக்குத் தனி உரிம வாரியம்: செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்

போர்வெல் போடும் தொழிலுக்கு மாநில அளவில் தனி உரிம வாரியம் வேண்டும் என்ற பேச்சு, மூடாத குழியில் ஒரு குழந்தை விழுந்தால் எழும். மாதம் ஒன்று போனால் அடங்கும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்து, நாலு நாள் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, போர் போடும் ரிக் வண்டிக்காரருக்கு லைசென்ஸ் உண்டா இல்லையா என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் வாரியம் சும்மா வராது. அதற்கு எவ்வளவு ஆகும், அதை யார் தலையில் கட்டுவது, அதே காசை வேறு வழியில் போட்டால் என்ன கிடைக்கும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து நான் கேட்டதில்லை.

அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன். திருச்செங்கோட்டில் ரிக் உரிமையாளர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அதனால் வண்டிக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் டிஎன் 34 என்ற திருச்செங்கோட்டுப் பதிவெண் வண்டி ஒன்று நிற்கும் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை. கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய், ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் இங்கிருந்து வண்டி ஏறியிருக்கிறது. ஒரு செட் என்றால் இரண்டு லாரி: ஒன்றில் துளைபோடும் ரிக்கு, இன்னொன்றில் ராடு, மண் சரியாமல் குழிக்குள் இறக்கும் கேசிங் பைப், டீசல், சமையல் பாத்திரம். கூடவே மேனேஜர், டிரில்லர், டிரைவர்கள், ஹெல்பர்கள். ஹெல்பர்களில் பாதிக்கு மேல் சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள். புது செட் இறக்க ஒரு கோடிக்கு மேல் ஆகும், பெரும்பாலும் கடன்.

இப்படி ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கும் தொழிலுக்கு உரிமம் கொடுப்பதும், டவுனில் கடை வைத்து உட்கார்ந்திருக்கும் தொழிலுக்கு உரிமம் கொடுப்பதும் ஒன்றாகாது. செலவு வித்தியாசப்படுவதே அங்கேதான்.

இப்போது என்ன இருக்கிறது

ஒன்றுமே இல்லை என்பது தவறு. 2010 பிப்ரவரி 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் தெளிவாக விதி சொல்லிவிட்டது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பே நில உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளை போடும் நிறுவனம் மாவட்ட நிர்வாகத்திடமோ சட்டப்படியான அதிகாரியிடமோ பதிவு செய்திருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் உரிமையாளர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் எழுதிய பலகை வேண்டும், சுற்றி முள்வேலி வேண்டும், கேசிங் பைப்பைச் சுற்றி சிமெண்ட் மேடை வேண்டும், தண்ணீர் வராத குழியைத் தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டிலும் கிராம ஊராட்சிகளுக்கென்று கிணறு தோண்டுதல், பாதுகாப்பு விதிகள் 2015இல் வந்தன.

ஆக விதி இருக்கிறது. பதிவு மாவட்டத்தோடு நிற்கிறது. நாமக்கல்லில் பதிந்த வண்டி ராத்திரியில் பவானியைத் தாண்டி அந்தியூரில் போர் போடும், மறுநாள் தாராபுரம். இரண்டே நாளில் மூன்று மாவட்டம் பார்க்கிற வண்டிக்கு 38 மாவட்டத்தில் 38 பதிவேடு என்றால், எந்தப் பதிவேட்டிலும் முழுக்கதை இருக்காது. கோவையில் குழியை மூடாமல் போனவர் மேல் புகார் வந்தால், கரூர் அதிகாரிக்கு அது தெரிய வழியில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு அரசுக்குப் புதுச்செலவு கிட்டத்தட்ட கிடையாது. வி.ஏ.ஓ., ஊராட்சிச் செயலர், தாலுகா ஆபீஸ் என்று ஏற்கெனவே வேலை நிரம்பிய ஆட்கள் தலையில் இன்னொரு வேலை, அவ்வளவுதான். செலவில்லாத வேலை எப்படி நடக்குமோ அப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 15 நாள் முன்னறிவிப்பு என்பது தோட்டத்தில் நிற்கிறவருக்குப் புரியாத கணக்கு. சித்திரை வெயிலில் தென்னை வாடுகிறது, இருக்கிற போர் கைவிட்டுவிட்டது, ரிக் வண்டி பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட்டுக்குப் போன் போடுகிறார். பக்கத்து ஊரில் வண்டி நிற்கிறது, ராத்திரி வந்துவிடும் என்கிறார் ஏஜெண்ட். இதில் 15 நாளுக்கு இடம் எங்கே? எந்த வாரியம் வந்தாலும் இந்த அவசரத்தை ஒழிக்க முடியாது. அதற்குள் எப்படி வேலை செய்வது என்று பார்க்கிற ஏற்பாடுதான் நிலைக்கும்.

தனி வாரியம்: கணக்கு

கீழே வரும் தொகைகள் எல்லாம் நான் வைத்துக்கொண்ட அனுமானங்கள். உங்களுக்குச் சரியென்று தோன்றும் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

சென்னையில் சின்னதாக ஓர் ஆபீஸ். செயலாளர், பதிவாளர், கணக்கர், இரண்டு மூன்று உதவியாளர், கணினி ஆள், கடைநிலை ஊழியர். சம்பளம் மாதம் 6 லட்சம் என்றால் வருடத்துக்கு 72 லட்சம். வாடகை, கரண்ட், மென்பொருள், தபால் எல்லாம் சேர்த்து 18 லட்சம். உறுப்பினர் கூட்டப்படி, தணிக்கை, வக்கீல் ஃபீஸ், தேர்வு நடத்துவது 20 லட்சம். வக்கீல் ஃபீஸைக் குறைத்துப் போட்டுவிட வேண்டாம். எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்குத் தகுதி வைக்கும் அதிகாரம் அரசுக்கு அதே பிரிவிலேயே இருக்கிறது. முதல் உரிமத்தை ரத்து செய்த மறுவாரமே யாராவது உயர் நீதிமன்றம் போவார்.

இதுவரை 1 கோடியே 10 லட்சம். இன்னும் ஒரு குழியைக்கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாநிலம் முழுக்க ஆறே ஆறு ஆய்வாளர், ஆளுக்கு ஒரு ஜீப், டீசல், படி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 10 லட்சம் என்றால் இன்னொரு 60 லட்சம். மொத்தம் 1 கோடியே 70 லட்சம். தொடங்கும் வருடத்தில் மேஜை நாற்காலி, மென்பொருள் எழுதுவது, விதிகளை வகுப்பது என்று தனியாக ஒரு தொகை போகும்.

இதை உரிமம் வாங்குகிறவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். 3,000 உரிமம் இருந்தால் ஆளுக்கு வருடம் 5,667 ரூபாய். 1,500 இருந்தால் 11,333. தனி வாரியத்தின் முதல் சங்கடம் இதுதான்: ஆபீஸ் செலவு எண்ணிக்கையைப் பார்த்துக் குறையாது. வக்கீல், டாக்டர் மாதிரி கூட்டம் பெரிதாக இருக்கும் தொழிலில் தலைக்கு விழும் பங்கு சின்னதாகிவிடும். கூட்டம் சிறிதான தொழிலில் அதே மேஜை, அதே நாற்காலி, அதே செயலாளர்தான்.

ஆனால் இங்கே நான் எதிர்பார்க்காத ஒன்று கணக்கில் வந்தது. 11,333 ரூபாய் ரிக் உரிமையாளருக்குப் பெரிய தொகையே இல்லை. வருடத்துக்கு 200 போர், போருக்குச் சராசரி 700 அடி என்று வைத்தால் 1 லட்சத்து 40 ஆயிரம் அடி. அடிக்கு 8 பைசா. கொங்கு நாட்டுப் பாறையில் 1,000 அடி போகிற போருக்கும் விவசாயி கொடுக்க வேண்டிய கூடுதல் 80 ரூபாய்தான். அடி ரேட்டில் ஒரு ரூபாய் ஏற்றுவதற்கே ஏஜெண்ட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஊர் இது. 8 பைசாவை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அப்போது செலவு எங்கே? நாளில் இருக்கிறது. கடன் தவணை மாதம் 3 லட்சம் என்றால் ஒரு நாளுக்கு 10,000. ஆள் சம்பளமும் சாப்பாடும் இன்னொரு 10,000. வண்டி ஒரு நாள் சும்மா நின்றால் 20,000 போச்சு. உரிமம் புதுப்பிக்கிற ஃபைல் சென்னையில் பத்து நாள் தூங்கினால், வருடக் கட்டணத்தைப் போலப் பதினேழு பதினெட்டு மடங்கு உரிமையாளருக்கு நட்டம். மாசியிலிருந்து வைகாசி வரை ஓடும் சீசனில் இந்தப் பத்து நாள் விழுந்தால் அதைவிட மோசம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிற சங்கங்கள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன. கட்டணத்தை இரண்டு மடங்காக வாங்கிக்கொள், மூன்றாம் நாள் பதில் சொல் என்று கேட்க வேண்டியவர்கள் அவர்கள்.

உரிமம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். வண்டிக்கா, துளை போடுகிற டிரில்லருக்கா? அமெரிக்காவில் பல மாநிலங்களில் துளை போடுகிற ஆளுக்கே உரிமம். இங்கே டிரில்லர் மாதச் சம்பளக்காரர். அவருக்கு 11,000 ரூபாய் பெரிய காசு. ஹெல்பராக வந்து மூன்று வருடத்தில் டிரில்லர் ஆகிற ஒடிசா பையன் எந்த மொழியில் தேர்வு எழுதுவான்? சீசன் முடிந்து ஊருக்குப் போனவன் திரும்பி வராவிட்டால் அந்த உரிமம் பதிவேட்டில் செத்துக் கிடக்கும். ஆளுக்கு உரிமம் என்றால் எண்ணிக்கை கூடி வாரியத்தின் பங்குக் கணக்கு அழகாகிவிடும் என்பது உண்மை. அந்த ஆசையில்தான் பல வாரியங்கள் தேவையில்லாதவர்களையும் வலைக்குள் இழுக்கப் பார்க்கும். என் கருத்தில் வண்டிக்கு ஓர் உரிமம், அந்த வண்டியின் மேனேஜருக்கு ஒரு சான்று, இது போதும். இடத்தில் நின்று முடிவெடுப்பவர் மேனேஜர்தான்.

பைப்பை உருவுகிற அரைமணி நேரம்

எந்த ஏற்பாடானாலும் அது தொட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் விதி எழுதுகிறவர்கள் யாரும் அந்த நேரத்தில் அங்கே நிற்பதில்லை.

போர் போடும்போது மேலே மண்ணும் சுக்கான் பாறையும் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை வரும் வரைக்கும் கேசிங் பைப் இறக்குவார்கள். நாற்பது அடியும் ஆகலாம், நூறு அடியும் ஆகலாம். அதற்குத் தனிக்காசு. அப்புறம் துளைபோடும் சுத்தியல் பாறைக்குள் போகும். 800 அடி, 900 அடி. வெறும் புழுதி. ஈரம்கூட இல்லை. தேங்காய் நிற்க வைத்து இடம் பார்த்துக் கொடுத்தவர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். தோட்டத்துக்காரர் கையில் மிச்சம் இருப்பது கடனும் இந்தக் குழியும்தான்.

"ஏந் தம்பி, தண்ணிதான் இல்லைன்னு ஆயிப்போச்சு. அந்தப் பைப்பையாவது உருவிக் குடுத்துட்டுப் போயிருங்களேன்."

"சரிங்க. உருவுனா மூடிரோணுங்க, அப்படியே உட்டுராதீங்க."

"காத்தால ஆளைக் கூட்டியாந்து மூடிர்றேன், நீங்க உருவுங்க."

வண்டியில் இருக்கிற விஞ்சைப் போட்டு அரைமணி நேரத்தில் பைப்பை உருவிவிடலாம். அடுத்த போருக்கு ஆகும், இல்லை விற்றால் கொஞ்சம் காசாகும். தப்பான எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் பைப் போன பிறகு இருப்பது தரையோடு தரையாக ஆறரை அங்குல ஓட்டை. மேல் மண் சரிந்தால் வாய் இன்னும் அகலமாகும். நின்றுகொண்டிருக்கும் பைப் கண்ணுக்குத் தெரியும், மூடி போடலாம். இந்த ஓட்டைமேல் ஒரு சாக்கைப் போட்டு, கல்லை வைத்துவிட்டு, எல்லோரும் தூங்கப் போவார்கள். காலையில் ஆள் வந்தால் சரி. வராவிட்டால் சோளத்தட்டுக்கு அடியில் அது மறந்து போகும்.

வண்டி கிளம்பும் முன்பே குழி நிரம்பியிருக்க வேண்டும். துளையிலிருந்து வந்த பாறைத்தூளும் மண்ணும் அங்கேயே குவிந்து கிடக்கிறது. ஹெல்பர்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். அரைமணி, முக்கால் மணி வேலை. அதைச் செய்யாமல் போனால் உரிமம் போகும் என்ற பயம் மேனேஜருக்கு வருகிறதா என்பதை வைத்துத்தான் எந்த வழியையும் எடை போட வேண்டும். 1 கோடியே 70 லட்சம் செலவு செய்த ஆறு ஆய்வாளர்களால், மாநிலம் முழுக்க ஒரே ராத்திரியில் நடக்கும் போர்களில் எத்தனையைப் பார்க்க முடியும்? அதிர்ஷ்டம் இருந்தால் ஆறு.

இருக்கிற துறைக்குள் ஒரு பிரிவு

இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஒயரிங் ஒப்பந்ததாரருக்கும் ஒயர்மேன்களுக்கும் உரிமமும் சான்றும் கொடுக்கும் மின் உரிம வாரியம், மின் ஆய்வுத் துறையின் நிழலில்தான் இயங்குகிறது. பெயரில் வாரியம், ஆனால் ஆய்வுக்குப் போகிற என்ஜினியர் ஏற்கெனவே அந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவர். தனி ஜீப், தனிக் கட்டடம் தேவைப்படவில்லை.

ரிக் தொழிலை எந்தத் துறையின் நிழலில் வைக்கலாம்? மூன்று இடம் தெரிகிறது. நீர்வளத் துறையின் கீழ் நிலத்தடி நீர் விவரங்களைத் திரட்டும் மையம் இருக்கிறது. சில கிராமங்கள் சேர்ந்த ஃபிர்கா வாரியாக நீர்மட்டம் பார்ப்பவர்கள் அங்கேதான். 1971இல் வந்த குடிநீர் வடிகால் வாரியத்தில் நிலத்தடி நீர் வல்லுநர்கள் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு நீரோட்டம் பார்த்துக் கொடுக்கிறது, தன் சொந்த ரிக்குகளை வாடகைக்கும் விடுகிறது. மாவட்டத்துக்குக் கீழே கோட்டம், உபகோட்டம் வரைக்கும் ஆபீஸ் இருக்கிறது. தோட்டத்துக்குப் போய்ப் பழகிய ஆட்கள் என்று பார்த்தால் மூன்றாவதுதான் முதலிடம். ஆனால் தானே வாடகைக்கு ரிக் விடுகிற துறை, தனியார் ரிக்குக்கு நீதிபதியாக உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிவேடு நீர்வளத் துறையில் இருக்கட்டும், இடத்தைப் பார்க்கும் வேலைக்கு மட்டும் வேளாண் பொறியியல் ஆட்களைப் பயன்படுத்தலாம்.

செலவு? மூன்று நான்கு புது ஆட்களுக்கு 20 லட்சம், மென்பொருளுக்கு 5, சான்றுத் தேர்வுக்கு 5, ஆய்வுக்குப் போகும் படிக்கு 15. மொத்தம் 45 லட்சம். 3,000 உரிமத்துக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். கூட்டம் பாதியாகக் குறைந்தாலும் 3,000தான்.

மலிவு என்பதால் இதில் குறை இல்லை என்று அர்த்தமில்லை. துறைக்குள் போன பணம் கருவூலத்துக்குப் போகும். ஆய்வுக்கு ஜீப் கேட்டால் அடுத்த பட்ஜெட் என்பார்கள். சட்டப்படி தனியாக நிற்கிற வாரியத்துக்கு அதன் நிதி அதன் கையில். கட்டணம் வாங்கினால் ஈடாகச் சேவை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வரி என்று 1954இலேயே சென்னை அறநிலைய ஆணையருக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்க நன்றாக இருக்கும் வாசகம். நடப்பில் கட்டினவர்தான் விரட்டிக் கேட்க வேண்டும். அதிகாரி மாறுவது இன்னொரு தொல்லை. ரிக்கு என்றால் என்னவென்று ஒருவருக்குப் புரிய வைப்பதற்குள் அவருக்கு டிரான்ஸ்பர் வந்துவிடும்.

பக்கத்து மாநிலங்கள் இந்த வழியில்தான் போயிருக்கின்றன. ஒன்றுபட்ட ஆந்திராவின் 2002ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டத்தில் ரிக் வண்டிகள் பதிவு செய்தாக வேண்டும். கர்நாடகத்தின் 2011ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்திலும் துளை போடும் நிறுவனங்களுக்குப் பதிவு உண்டு. இரண்டிலும் ரிக்குக்கு மட்டும் என்று ஒரு வாரியம் கிடையாது, நீர் ஆணையத்தின் வேலைகளில் இது ஒன்று. நம் வண்டிகள் அங்கே போய்ப் பதிந்து வேலை செய்கின்றன. அந்த மாநிலப் பதிவை இங்கேயும், இங்கே பதிந்ததை அங்கேயும் ஏற்றுக்கொள்ள ஓர் ஒப்பந்தம் போட முடிந்தால் உரிமையாளருக்கு அதுவே பெரிய மிச்சம். இரண்டு அரசுத் துறைகள் அப்படிப் பேசிக்கொள்வது எளிது.

நாமும் ஒருமுறை தனி அமைப்புக்கு ஆசைப்பட்டோம். 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. தனி ஆணையம் அமைக்கச் சொன்ன சட்டம். நடைமுறைக்கே வராமல் பத்து வருடம் கிடந்து 2013இல் ரத்தாயிற்று. புது அமைப்பைக் காகிதத்தில் கட்டுவதற்கும் தரையில் கட்டுவதற்கும் இடையில் எவ்வளவு காலம் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சங்கமே சான்று கொடுத்தால்

இப்போதைய ஏற்பாடு, தனி வாரியம், துறைக்குள் பிரிவு என்ற மூன்றும் போக நாலாவதாக ஒரு யோசனை எங்கள் ஊர் டீக்கடைகளில் அடிக்கடி வரும்: அரசு எதற்கு, ரிக் உரிமையாளர் சங்கமே கார்டு கொடுக்கட்டும். செலவு மிகக் குறைவு. ஆபீஸ் இருக்கிறது, ஆள் இருக்கிறது, யார் யாரிடம் எந்த வண்டி என்பது அத்தனையும் தெரியும். அமெரிக்காவில் தேசிய நிலத்தடி நீர்ச் சங்கம் இப்படி விருப்பச் சான்று கொடுக்கிறது, அதற்கு அங்கே மதிப்பும் உண்டு. ஆனால் அங்கே அது மாநில உரிமத்துக்கு மேலே ஒரு கூடுதல் தகுதி. அதற்குப் பதிலாக வருவதில்லை.

இங்கே டீசல் விலை ஏறினால் அடி ரேட்டை ஏற்றச் சொல்லி வண்டியை நிறுத்துவதும் சங்கம்தான். ரேட் பேசுகிற கையே கார்டும் கொடுத்தால், ரேட்டுக்குக் கட்டுப்படாதவருக்குக் கார்டு கிடைக்குமா என்று சந்தேகம் வரும். எனக்கே வரும். பயிற்சி கொடுப்பதைச் சங்கத்திடம் விடலாம். உரிமத்தைப் பறிக்கிற அதிகாரத்தை விடக்கூடாது.

டெக்சாஸ் கதை இங்கே பொருத்தம். அங்கே 1960களில் கிணறு துளைப்பவர்களுக்குத் தனி வாரியம் அமைத்தார்கள். 1990களில் அதைக் கலைத்து வேறு அமைப்புகளுக்குள் கொண்டுபோய், கடைசியில் பொது உரிமத் துறையில் சேர்த்தார்கள். முடிதிருத்துபவர், எலக்ட்ரீசியன், லிஃப்ட் என்று பல தொழில்களுக்கு ஒரே துறை உரிமம் கொடுக்கிறது. கிணறு துளைப்பவர்களுக்கும் பம்ப் பொருத்துபவர்களுக்கும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு மட்டும் தனியாக இருக்கிறது. ஆபீசும் கணினியும் பொது. தொழில் அறிவு மட்டும் தனி. நம் அளவுக்கு இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

நான் எதை எடுப்பேன்

நீர்வளத் துறைக்குள் ஒரு பிரிவு. மாநிலம் முழுமைக்கும் ஒரே பதிவேடு. வண்டிக்கு உரிமம், மேனேஜருக்குச் சான்று. கட்டணம் 1,500 ஆக வேண்டிய இடத்தில் 3,000 வாங்கட்டும்; கூடுதல் பணம் கருவூலத்தில் கரையாதபடி தனிக் கணக்குத் தலைப்பு ஒன்றை அரசாணையிலேயே எழுத வேண்டும். அந்தப் பணம் கைவிட்ட குழிகளை மூடவும் ஆய்வுக்கு வண்டி ஏற்பாடு செய்யவும் மட்டும்.

ஒவ்வொரு போர் முடிந்ததும் மேனேஜர் போனில் இரண்டு படம் எடுத்து ஒரு செயலியில் ஏற்ற வேண்டும், இடமும் நேரமும் தானாகப் பதியும்படி. தண்ணீர் வந்திருந்தால் மூடி போட்ட பைப். வராவிட்டால் நிரப்பிய குழி. படம் ஏறாமல் அந்த வண்டியின் பெயரில் அடுத்த போருக்கு அனுமதி எண் கிடைக்காது. பொய்ப் படம் போட மாட்டார்களா என்றால், போடுவார்கள். நூற்றுக்கு ஐந்தைப் போய்ப் பார்த்து, பொய் என்றால் வண்டியை ஒரு மாதம் நிறுத்தினால் போதும். நாளுக்கு 20,000 வீதம் ஆறு லட்சம் போன கதை திருச்செங்கோட்டில் அன்று சாயங்காலமே பரவிவிடும். 15 நாள் முன்னறிவிப்புக்கும் இதே செயலியில் வழி செய்யலாம்: அவசரப் போர் என்றால் காரணம் எழுதி அன்றே எண் வாங்கிக்கொள்ள அனுமதி. அதற்கு நீதிமன்றத்தின் 2010 உத்தரவோடு இசைவு காண வேண்டியிருக்கும், அரசு வக்கீல் பார்க்க வேண்டிய வேலை அது.

ஏஜெண்ட்டையும் விட்டுவிடக்கூடாது. விவசாயிக்கு வண்டிக்காரரைத் தெரியாது, ஏஜெண்ட்டை மட்டும்தான் தெரியும். பில்லில் ரிக் எண்ணும் பதிவு எண்ணும் இல்லாமல் ஏஜெண்ட் பணம் வாங்கக்கூடாது என்ற ஒரு வரி, இன்னோர் ஆய்வாளரை நியமிப்பதைவிட மலிவு.

தனி வாரியத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஐந்து வருடம் கழித்து, பதிவேட்டில் உரிமங்கள் 5,000ஐத் தாண்டி, தனிக் கணக்கில் வருடாவருடம் மிச்சம் விழுந்து, துறைக்குள் ஃபைல் தேங்குகிறது என்பதும் எண்ணோடு தெரிந்தால், அப்போது அதே பதிவேட்டையும் அதே ஆட்களையும் பிரித்து வெளியே கொண்டுவரலாம். மென்பொருளும் விதிகளும் ஏற்கெனவே இருப்பதால் தொடக்கச் செலவு பாதிதான் ஆகும். முதல் நாளே தனி வாரியம் என்றால், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே ஆபீஸ் பிடிக்க வேண்டியிருக்கும். வந்தது 3,000 பேரா 1,500 பேரா என்பது இரண்டாம் வருடத்தில்தான் தெரியும், அதற்குள் சம்பளம் ஏறியிருக்கும், ஆட்களை வெளியே அனுப்ப யாராலும் முடியாது.

ஆபீஸ் எங்கே என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதிவேடு சென்னையில் எந்த சர்வரில் வேண்டுமானாலும் இருக்கட்டும். வண்டியைப் பார்த்துச் சான்று கொடுக்கிற மேஜை திருச்செங்கோட்டில் ஒன்று வேண்டும். சீசன் முடிந்து ஆடி மழைக்கு வண்டிகள் பட்டறைக்கு வருகிற மாதங்களில் மேனேஜர்கள் எல்லோரும் ஊரில்தான் இருப்பார்கள். தேர்வை அப்போது வையுங்கள், தமிழிலும் இந்தியிலும், கேள்வியை வாயால் கேட்டு. தேர்வுக்குக் கேள்வித்தாள் அச்சடிப்பதற்குப் பதில் ஒரு கேசிங் பைப்பை உருவச் சொல்லி, அப்புறம் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.